முப்பத்தஞ்சு குதிரையும் எங்கடா போச்சு?

எங்க வண்டி 1994 மாடல் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், அப்பா வாங்குனது. மன்னார்குடிக்கு கிழக்க எங்க ஊர்ல அப்ப உழவு மாட்டை வித்துட்டு டிராக்டர் எடுத்தவங்கள்ல அவரும் ஒருத்தர். மூணு சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின், சென்னை செம்பியத்துல செஞ்சது, ஆனா அதோட பூர்வீகம் இங்கிலாந்து பீட்டர்பரோ, பெர்கின்ஸ்ங்கிற இன்ஜின் கம்பெனி வம்சம். முப்பத்தஞ்சு குதிரை, அதாவது முப்பத்தஞ்சு ஹெச்.பி. வண்டின்னு சொல்லித்தான் வாங்குனாங்க, சொல்லித்தான் ஓட்டிக்கிட்டு இருந்தோம், முப்பது வருசமா ஒரு குறையும் இல்ல. ஒம்பது கொத்துக் கலப்பையும் டிரெய்லரும் மட்டும் இருந்த காலம் வரைக்கும் யாரும் அதுகிட்ட கணக்கு கேக்கல.

கணக்கு கேக்க வச்சது ஒரு ரோட்டாவேட்டர், சுத்துற கத்தியால மண்ண வெட்டி பொடியாக்குற கருவி. பக்கத்து ஊர்ல ஒருத்தர் அம்பது ஹெச்.பி. வண்டிய குடுத்துட்டு இன்னும் பெரிசு எடுத்தாரு, அவரோட பழைய ஆறடி ரோட்டாவேட்டர் சல்லிசா வந்துச்சு, நானும் யோசிக்காம கட்டி இழுத்துட்டு வந்துட்டேன். அப்பா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, "ம்ம்" னு மட்டும் சொன்னாரு. அந்த "ம்ம்" க்கு அர்த்தம் மொத நாளே தெரிஞ்சிபோச்சு. எங்க களிமண்ணு உங்களுக்கு தெரியுமோ என்னவோ, காஞ்சா கருங்கல்லு நனைஞ்சா அல்வா, அதுல ஆறடி அகலத்துக்கு கத்தி இறங்குனதும் வண்டி முக்க ஆரம்பிச்சிடும், ரெண்டு சால் போறதுக்குள்ள நாலு தடவ கிளட்ச் மிதிக்கணும், லோ-வுல ஒண்ணாவது கியர்லயே திணறும்.

அப்பதான் எல்லாரும் போற அதே கடைக்கு நானும் போனேன், இன்ஜினுக்கு டீசல் அனுப்புற பம்ப்ப ரிப்பேர் பண்ற கடைக்கு. "அண்ணே பம்ப்ல கம்பெனி வச்ச ஈய சீல்-ஐ வெட்டிட்டு கொஞ்சம் டீசல ஏத்தி விடுறேன், அம்பது வண்டி கணக்கா போவும் பாருங்க" ன்னாரு. என் வண்டியில இருக்கிறது ரோட்டரி பம்ப். நீளமா வரிசையா நிக்கிற இன்லைன் பம்ப்ல சிலிண்டருக்கு ஒரு எலிமென்ட், அதாவது டீசல அழுத்தித் தள்ளுற தனி பிளஞ்சர் இருக்கும். இதுல அப்படி இல்ல, எதிரெதிரா நிக்கிற ஒரே ஜோடி பிளஞ்சர்தான் மூணு சிலிண்டருக்கும் மாத்தி மாத்தி டீசல் அனுப்பும். பக்கவாட்டு மூடிய தொறந்தா உள்ள ஒரு அட்ஜஸ்ட்மென்ட் பிளேட், அதப் புடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்ட லூஸ் பண்ணி மயிரிழை தட்டுனா பிளஞ்சர் ஓடுற தூரம் கூடும், ஒவ்வொரு தடவையும் இறங்குற டீசல் கூடும். பாக்கிறதுக்கு பதினஞ்சு நிமிச வேலை. இதை பம்ப்ப கழட்டி, தனியா ஓட்டிப் பாக்கிற டெஸ்ட் பெஞ்சுல ஏத்தி அளந்து செய்யணும், அவரு வண்டியிலயே காதால கேட்டு செஞ்சாரு, நானும் பக்கத்துல டீ குடிச்சிக்கிட்டு ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டு நின்னேன், அதனால அவர மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

கடையிலேருந்து வீட்டுக்கு வர்ற வழியிலயே வித்தியாசம் தெரிஞ்சிது. ஆக்சிலேட்டர அழுத்துனா வண்டி பாயுது. வயல்ல இறக்குனப்பவும் முன்ன விட கொஞ்சம் தாங்குச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா சைலன்சர்லேருந்து வந்த கரும்புகை இருக்கே, செங்கச் சூளை கெட்டுது. வரப்புல நின்ன சித்தப்பா "என்னடா ரயிலு ஓட்டுறியா" ன்னு கேட்டாரு, எனக்கு அது பெருமையா இருந்துச்சு பாத்துக்குங்க. நம்ம ஊர்ல கரும்புகைன்னா பவருன்னு ஒரு நெனப்பு உண்டு, நானும் அந்த கட்சிதான் அப்ப.

நான் டைரி எழுதுற ஆளு, டீசல் கணக்கு மட்டும் தவறாம எழுதிடுவேன். காஞ்ச வயல்ல மொத ஓட்டம் ஒரு ஏக்கருக்கு, அதாவது எங்க கணக்குல மூணு மாவுக்கு, முன்னாடி ரெண்டு மணி இருவது நிமிசம் ஆச்சு, 12 லிட்டர் குடிச்சிது. சீல் வெட்டுன பிறகு ரெண்டு மணி பத்து நிமிசம், 14.5 லிட்டர். பத்து நிமிசத்த ரெண்டரை லிட்டர் குடுத்து வாங்கியிருக்கேன், அதுவும் லிட்டர் தொண்ணூறு ரூவாய்க்கு மேல விக்கிற நாள்ல! இத ராத்திரி உக்காந்து பாத்தப்பதான் வயித்துல லேசா புளி கரைக்க ஆரம்பிச்சிது.

அடுத்து ஒரு வாரத்துல டெம்பரேச்சர் முள்ளு செவப்புகிட்ட போவ ஆரம்பிச்சிது. ஆயில் டிப்ஸ்டிக்க எடுத்துப் பாத்தா லெவல் கொறையறதுக்கு பதிலா ஏறியிருக்கு, மோந்து பாத்தா டீசல் வாடை. எரியாத டீசல் சிலிண்டர் உள்சுவத்துல இருக்கிற ஆயில கழுவிக்கிட்டு கீழ ஆயில் தொட்டிக்கு இறங்குனாலும் இப்படி ஆவும், டேங்குலேருந்து டீசல இழுத்துக் குடுக்கிற லிஃப்ட் பம்ப்போட டயஃப்ரம், அதாவது உள்ள இருக்கிற சவ்வு, கிழிஞ்சாலும் இப்படி ஆவும். எனக்கு ரெண்டுமே இருந்துச்சுன்னு பின்னாடி தெரிஞ்சிது. எதுவா இருந்தாலும் டீசல் கலந்த ஆயில்ல பேரிங் ஓடக்கூடாது, அன்னைக்கே வண்டிய நிறுத்திட்டேன். டிப்ஸ்டிக்ல ஆயில் கூடுறத சந்தோசமா நெனச்சிக்கிட்டு ஓட்டி கிராங்க்க தீச்ச ஆளு எங்க ஊர்லயே ஒருத்தர் இருக்காரு.

இதுக்கு அப்புறம் திருவாரூர் ரோட்ல ஒரு வயசான ஃபிட்டர்கிட்ட போனேன். மனுசன் பம்ப்ப ஏறெடுத்தும் பாக்கல. "தம்பி, ஏர் கிளீனர கடைசியா எப்ப கழட்டுன?" ன்னாரு. கீழ் கப்ப கழட்டி ஆயில் மாத்துவோம், அது தெரியும், அதுக்கு மேல உள்ள கம்பி வலைய? நான் பொறந்ததுலேருந்து யாரும் கழட்டி பாத்ததில்லன்னு நெனக்கிறேன். அவரு கழட்டுனாரு. உள்ள பாத்தா வலையா அது, கரிச்சட்டி அடி மாதிரி பொடியும் ஆயிலும் வைக்கோல் தூசியும் சேந்து கெட்டியா அப்பியிருக்கு. கதிரடிக்கிற களத்துல வருசா வருசம் நின்ன வண்டி, வேற எப்படி இருக்கும்? டீசல்ல ஊற வச்சி கழுவி ஊதி மாட்டுனாரு, கப்புல கோடு வரைக்கும் மட்டும் ஆயில் ஊத்துனாரு. கோட்டுக்கு மேல ஊத்துனா காத்து போற வழி கொறையும், ஆயிலையும் இன்ஜின் உறிஞ்சிக்கும். நம்ம ஆளுங்க "கூட இருந்தா நல்லதுதானே" ன்னு ததும்ப ததும்ப ஊத்துவோம், நானும் ஊத்தியிருக்கேன்.

அவரு வேலை செய்யும்போது சொன்னத வச்சி நான் வீட்டுக்கு வந்து ஒரு கணக்கு போட்டேன், இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா மொத்த விசயமும் இதுலதான் இருக்கு.

பெட்ரோல் வண்டியில நாம ஆக்சிலேட்டர முறுக்குனா காத்து போற வாசல் தொறக்கும். நம்ம டீசல் டிராக்டர்ல வாசலே கெடையாது, ஐடில்ல நின்னாலும் ஃபுல்லுல ஓடுனாலும் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் சிலிண்டர் நெறய காத்துதான். பவர கூட்டி கொறைக்கிறது டீசல் அளவு மட்டும்தான். அப்ப டீசல ஏத்திக்கிட்டே போனா பவர் ஏறிக்கிட்டே போவணும்ல? போவாது. ஒரு கிலோ டீசல் எரிய சொல்லப்போனா 14.5 கிலோ காத்து வேணும், ஆனா ஒரு நொடியில நூத்துல ஒரு பங்குக்கும் கம்மியான நேரத்துல துளித்துளியா பீச்சி எரிய வைக்கிறதால எல்லாத் துளிக்கும் காத்து போய் சேராது, அதனால புகை இல்லாம எரியணும்னா சுமார் 20 கிலோ காத்து குடுக்கணும். இப்ப இன்ஜின 2.4 லிட்டர்னு வச்சிக்குவோம், 2000 சுத்துன்னு வச்சிக்குவோம். நாலு ஸ்ட்ரோக், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் உறிஞ்சும், ஆக நிமிசத்துக்கு 2400 லிட்டர். முழுசா நெறையாது, நூத்துக்கு எம்பத்தஞ்சுன்னு போட்டா 2040 லிட்டர். நம்ம வெயில்ல, நாப்பது டிகிரியில, ஆயிரம் லிட்டர் காத்து 1.13 கிலோதான் இருக்கும், ஆக நிமிசத்துக்கு 2.3 கிலோ, மணிக்கு 138 கிலோ காத்து. இருபதால வகுத்தா மணிக்கு 6.9 கிலோ டீசல், கிட்டத்தட்ட எட்டே கால் லிட்டர், அவ்ளோதான் இந்த இன்ஜினால ஒழுங்கா எரிக்க முடியும். ஒரு கிலோவாட் பவர ஒரு மணி நேரம் எடுக்க கால் கிலோ டீசல்னு வச்சா 27.6 கிலோவாட், அதாவது 37 ஹெச்.பி.

கம்பெனி சொன்ன முப்பத்தஞ்சுக்கு பக்கத்துலயே வந்து நிக்குது பாத்தீங்களா? எனக்கு அந்த ராத்திரி உடம்பு புல்லரிச்சிது, உண்மையா. கம்பெனிக்காரன் அந்த பம்ப்புக்கு சும்மா சீல் வைக்கல, காத்த அளந்துட்டு அதுக்கு ஏத்த டீசல வச்சிட்டுதான் சீல் வச்சிருக்கான். அதுக்கு மேல ஏத்துற டீசல்ல கொஞ்சம் எரிஞ்சி நாலஞ்சு குதிரை கூட வரும், மிச்சம் கரியா மேல போவும், சூடா பிஸ்டன்ல நிக்கும். பிஸ்டன் அலுமினியம், சுத்த அலுமினியம் 660 டிகிரியில உருகும், அதுக்கு ரொம்ப முன்னாடியே பலம் கொறைஞ்சிடும். சைலன்சர் வாயில சூடு அளக்கிற மீட்டர் மாட்டாம அந்த பிளேட்ட தட்டுறது கண்ண கட்டிக்கிட்டு கெணத்து மேட்டுல நடக்கிற மாதிரி.

இன்னொன்னும் இந்த கணக்குலேருந்து தெரியும். காத்து லேசானா பவர் கொறையும். இதே வண்டிய ஊட்டிக்கு ஏத்துனா, 2200 மீட்டருக்கு மேல, அஞ்சுல ஒரு பங்கு காத்து கொறைஞ்சிடும், அங்க நம்ம ஊர்ல செட் பண்ண பம்ப்போட போனா பிளேட்ட தொடாமலே புகை கக்கும். என் வண்டி ஏர் கிளீனர் அடைச்சி கெடந்ததால கடல் மட்டத்துல நின்னுக்கிட்டே ஊட்டி மலை மேல ஓடிக்கிட்டு இருந்திருக்கு, நான் அதுக்கு மேல டீசல வேற ஊத்தியிருக்கேன்.

சரி, அதுக்கப்புறம் ஃபிட்டர் ஐயா ஒவ்வொன்னா பாத்தாரு. டேப்பட் கேப், அதாவது வால்வுக்கும் அத அழுத்துற ராக்கருக்கும் நடுவுல இருக்கிற எடவெளி, என் மேனுவல்படி இன்ஜின் குளுந்திருக்கும்போது 12 தௌ (ஒரு தௌ இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கணும், ஒரு எக்ஸாஸ்ட் வால்வுல 20 தௌ அளவு தகடு சுளுவா போவுது, வால்வு லேட்டா தொறந்து சீக்கிரம் மூடுனா எரிஞ்ச காத்து எப்படி வெளிய போவும். சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற நாசில் மூணையும் கழட்டி கைப்பம்ப்புல அடிச்சி பாத்தாரு, ஒண்ணு பனி மாதிரி தெளிக்குது, ஒண்ணு பரவால்ல, மூணாவது குழாயில ஒழுவுற மாதிரி சொட்டுது. நாசில் நுனி புதுசு போட்டு பிரசர் செட் பண்ணாரு. டீசல் ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு, லிஃப்ட் பம்ப் டயஃப்ரம் மாத்தியாச்சு. ஆயிலும் ஃபில்டரும் புதுசு. பம்ப்ப மட்டும் கழட்டி பெஞ்சு இருக்கிற வேற கடைக்கு அனுப்பி பழைய அளவுக்கே காலிபரேசன் பண்ணி புது சீல் வச்சி வாங்குனோம். சைலன்சர தட்டுனப்போ ஒரு படி கரி கொட்டுச்சு, சில பேரு சைலன்சரயே கழட்டி நேர் பைப் வச்சா பவர் கூடும்னு வைப்பாங்க, டர்போ இல்லாத மூணு சிலிண்டர்ல அதுல பெருசா ஒண்ணும் கெடைக்காது, காது போறதும் மழைத்தண்ணி வால்வுக்கு இறங்குறதும்தான் மிச்சம்.

இவ்வளவும் முடிஞ்சி வயல்ல இறக்குனா புகை சுத்தமா நின்னுபோச்சு, சத்தம் பட்டு மாதிரி, ஆனா நான் எதிர்பாத்த பவர் வரல. முன்னாடிய விட நல்லா இருக்கு, அவ்ளோதான். எனக்கு ஒரே எரிச்சல். பதினஞ்சாயிரத்துக்கு கிட்ட செலவு பண்ணியிருக்கேன்.

அப்ப காலேஜ்ல மெக்கானிக்கல் படிக்கிற என் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான், அவன்கிட்ட லைட் அடிச்சி சுத்து அளக்கிற டேக்கோமீட்டர் ஒண்ணு இருந்துச்சு, ஆன்லைன்ல ஆயிரம் ரூவாய்க்குள்ள வாங்குனது. "மாமா, கிராங்க் புல்லியில ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுங்க" ன்னான். ஃபுல் ஆக்சிலேட்டர், லோடு இல்ல, அளந்தான். மேனுவல் சொல்றத விட முன்னூறு சுத்து கம்மி! டேஷ்போர்டு மீட்டர் ரொம்ப நாளா கதை சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. அவன் என்ன ஆக்சிலேட்டர் லீவர புடிக்க சொல்லிட்டு பம்ப்புகிட்ட குனிஞ்சி பாத்தான். "மாமா, நீங்க இன்னும் முழுசா வைக்கலயா?" முழுசாதான்டா வச்சிருக்கேன். "இங்க வந்து பாருங்க" ன்னான். போய் பாத்தா பம்ப்போட லீவருக்கும் அதோட ஸ்டாப் ஸ்க்ரூவுக்கும் நடுவுல ஆள்காட்டி விரல் போற அளவு எடவெளி.

ஆக்சிலேட்டர பம்ப்போட இணைக்கிற கம்பி மூட்டுங்க இருக்கே, லிங்கேஜ், அதுல இருக்கிற புஷ்ஷும் பின்னும் முப்பது வருசத்துல தேஞ்சி தேஞ்சி, ஒவ்வொரு மூட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் விழுந்து, மேல நான் கடைசி வரைக்கும் இழுத்தாலும் கீழ பம்ப்புக்கு முக்காவாசிதான் போய் சேந்திருக்கு. குதிரைங்கள கட்டி வச்சிட்டு நான் தீவனத்த ஏத்திக்கிட்டு இருந்திருக்கேன். பவர்ங்கிறது முறுக்கு பெருக்கல் சுத்து, 2000ல முன்னூறு போனா ஏழுல ஒரு பங்கு அப்படியே போச்சு, அஞ்சு குதிரை. அந்த அஞ்சு குதிரைக்கு ஆன செலவு புஷ், பின், கிளிப் எல்லாம் சேத்து 85 ரூவா. கடைக்காரர் சில்லறை இல்லன்னு அஞ்சு ரூவாய்க்கு மிட்டாய் குடுத்தாரு.

அக்கா பையன் அதோட விடல. "டர்போ போட்டா என்ன மாமா" ன்னான். நியாயமான கேள்விதான், காத்துதான் கொறைன்னா காத்த அமுக்கி திணிக்கிறதுதான் நேரான வழி. அமெரிக்காவுல ஆலிஸ் சால்மர்ஸ் கம்பெனி 1961லயே டி19 ன்னு ஒரு டீசல் டிராக்டர டர்போவோட விட்டான், ஏன்னா அதோட பெட்ரோல் மாடலுக்கு சமமா டீசல் மாடல் இழுக்கல, டர்போ போட்டு ஈடுகட்டுனான். ஆனா அவன் இன்ஜின அதுக்குன்னு செஞ்சான். நம்ம வண்டியில கம்ப்ரசன் ஏற்கனவே தூக்கல், அதுக்கு மேல காத்த அமுக்குனா சிலிண்டருக்குள்ள பிரசர் எங்கயோ போவும், ஹெட் கேஸ்கெட் தாங்கணும், பிஸ்டனுக்கு அடியில ஆயில் பீச்சி குளுர வைக்கிற வசதி வேணும், டர்போ பேரிங்குக்கு ஆயில் லைன் இழுக்கணும், ரேடியேட்டர் பத்தாது. அத்தனையும் செஞ்சிட்டாலும் கிளட்ச் அதேதான், கியர்பாக்ஸ் அதேதான், பின்னாடி அச்சுல இருக்கிற பல்சக்கரங்க, கிரவுனும் பினியனும், அதேதான், அதுங்கள முப்பத்தஞ்சுக்குன்னு கணக்கு பண்ணி வார்த்திருக்கான். ஆர்.சி. புக்குல இருக்கிறதுக்கு மாறா வண்டிய மாத்துறதுக்கு அனுமதி வேற வாங்கணும். இதுக்கு செலவழிக்கிற காசுல பாதிய போட்டா, இந்த வண்டிய குடுத்து செகண்ட்ஸ்ல நாப்பத்தஞ்சு எடுத்துடலாம்னேன். "அப்ப கேஸ் விடலாமா, யூட்யூப்ல ஏர் கிளீனர் வழியா எல்.பி.ஜி. விடுறாங்க" ன்னான். எழுந்திரிச்சி போடான்னேன்.

அவன் போன பிறகு நானே உக்காந்து யோசிச்ச இன்னொரு விசயம் இருக்கு, இன்ஜின்ல பொறக்கிற குதிரை மண்ணுக்கு போறதுக்குள்ள எத்தன செத்துப்போவுதுங்கிறது. டிராக்டர் படிச்சவங்க மத்தியில ஒரு பழைய கைக்கணக்கு உண்டு, ஒவ்வொரு படியிலயும் நூத்துக்கு 86ன்னு பெருக்கிக்கிட்டே வருவாங்க. முப்பத்தஞ்சுல பி.டி.ஓ.வுக்கு, அதாவது ரோட்டாவேட்டர் மாதிரி கருவிய சுத்துற பின் தண்டுக்கு, வர்றது முப்பது. அதையே கொக்கியில கட்டி கான்கிரீட்ல இழுத்தா இருவத்தாறு, கெட்டி மண்ணுல இருவத்திரண்டு, உழுத மண்ணுல பத்தொம்போது. மத்தியப் பிரதேசத்துல புத்னின்னு ஒரு ஊர், அங்க மத்திய அரசோட டிராக்டர் டெஸ்டிங் நிலையம் இருக்கு, அவங்க ரிப்போர்ட்ல பி.டி.ஓ. பவரும் இழுவை பவரும் தனித்தனியா போட்டிருப்பாங்க, வண்டி வாங்கும்போது பானெட்ல ஒட்டியிருக்கிற நம்பர விட அதுதான் உதவும். சக்கரம் எவ்வளவு வழுக்குதுங்கிறதுலயே பெரும்பகுதி போவுது. பத்து பதினஞ்சு சதவீதம் வழுக்குறது நல்லது, ஒண்ணுமே வழுக்கலன்னா தேவைக்கு மேல கனம் ஏத்தியிருக்கோம்னு அர்த்தம், முப்பது சதவீதம் வழுக்குனா டீசல போட்டு டயர தேய்க்கிறோம். அளக்கிறதும் சுலபம், சக்கரத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு பத்து சுத்துக்கு சும்மா எவ்வளவு தூரம் போவுது, கலப்பைய இறக்கிட்டு எவ்வளவு தூரம் போவுதுன்னு அடி போட்டு பாத்தா போதும். எனக்கு கொத்துக் கலப்பையில இருவத்தஞ்சு கிட்ட வந்துச்சு. பின் டயர்ல முக்கா பாகம் தண்ணி ஏத்துனேன், பதினாலு பதினஞ்சுக்கு வந்து நின்னுச்சு. பஞ்சர் கடையில இதுக்கு வாங்குனது முன்னூறு ரூவா.

ஆனா சேத்துழவுக்கு கேஜ் வீல், அதாவது கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம், மாட்டும்போது அந்த தண்ணி கனம் எதிரி, வண்டி பொதைஞ்சிக்கும், அப்ப இறக்கிடணும். போன குறுவையில சோம்பேறித்தனப்பட்டு இறக்காம விட்டு நடு வயல்ல அச்சு வரைக்கும் ஒக்காந்துட்டேன், அப்பறம் சித்தப்பா வண்டிதான் வந்து இழுத்துச்சு, அவரு வாய்க்கு நான் அவல்.

ரோட்டாவேட்டர் கதையையும் சொல்லிடுறேன். ஆறடிய குடுத்துட்டு அஞ்சடி வாங்கிட்டேன், மேல கொஞ்சம் காசு போட்டேன். ஓரடி அகலம் கொறைஞ்சதும் கியர் ஒண்ணு மேல போட முடிஞ்சிது, அதனால அகலம் கொறைஞ்சும் நேரம் கூடல, அதே மூணு மா இப்ப ஒண்ணே முக்கா மணிக்கு மேல அஞ்சு நிமிசம், 11 லிட்டர். டைரியில இந்த வரிக்கு கீழ செவப்பு மையில ரெண்டு கோடு போட்டிருக்கேன். அப்பா அஞ்சடிய பாத்துட்டும் "ம்ம்" தான் சொன்னாரு, ஆனா இது வேற "ம்ம்".

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரசன் கொஞ்சம் மட்டு, இன்ஜின் மூச்சு விடுற ப்ரீதர் குழாயில லேசா புகை வருது, காலையில ஸ்டார்ட் பண்ணா அரை நிமிசம் வெள்ளையா இருமுது. ஃபிட்டர் ஐயா வால்வு கிரைண்டிங்கோட முடிஞ்சாலும் முடியும், ரிங்கு வரைக்கும் போனாலும் போவும், ஹெட்ட இறக்குனாத்தான் தெரியும்னுட்டாரு. உளுந்து எடுத்த காசு கைக்கு வந்ததும், ஜூன் 12 மேட்டூர் தொறக்கிறதுக்கு முன்னாடி இறக்கிடணும், மே மாசம் பூரா அவரு பட்டறையில எடம் கெடைக்காதுன்னு இப்பவே துண்டு போட்டு வச்சிருக்கேன்.